தாய்லாந்துக்குத் தனியாகப் போகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி கேட்டவர் கோவையில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பெண். முதல் வெளிநாட்டுப் பயணம், துணைக்கு ஆள் இல்லை. பாங்காக், சியாங் மாய், கிராபி என்று பன்னிரண்டு நாள். டூர் பேக்கேஜ் வேண்டாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டார். அம்மாவோ தினம் ஒரு செய்தியை வாட்ஸப்பில் அனுப்புகிறார்: கடத்தல், போதைப்பொருள், எல்லைச் சண்டை. "அக்கா, நிஜமாகவே பாதுகாப்பா? எதற்குப் பயப்படணும், எதை விட்டுடலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

பல வருடமாகக் குடும்பத்தோடு பாங்காக்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், கணவரின் ஆபீஸ்காரர்கள் என்று யாராவது ஒருவருக்கு வழி சொல்லிக்கொண்டே இருக்கிற வீடு எங்களுடையது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில்: போகலாம், தாராளமாகப் போகலாம். தனியாக வரும் பெண்களைத் தாய்லாந்து பல காலமாகப் பார்த்துப் பழகிய நாடு. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் பயத்தில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. என் வரிசை இது: முதலில் சாலை, அடுத்தது கடல், மூன்றாவதாக நீங்களே கையெழுத்துப் போட்டோ கையால் எடுத்துக் கொடுத்தோ மாட்டிக்கொள்கிற சமாச்சாரங்கள். கத்தி காட்டுகிற திருடன் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருவான்.

சாலை என்றால் குறிப்பாக வாடகை ஸ்கூட்டர். சியாங் மாயில் தெருவுக்குத் தெரு நிற்கும், ஒரு நாளைக்கு 200, 250 பாட் (இந்த நாட்டுப் பணம்). போக்குவரத்தும் நம்மூர் மாதிரி இடது பக்கம். "அவிநாசி ரோட்டில் தினமும் ஓட்டுகிறேன், இது என்ன பிரமாதம்" என்று தோன்றும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி தாய்லாந்தில் சாலை விபத்துச் சாவு ஒரு லட்சம் பேருக்கு 32.7. அதே கணக்கில் இந்தியாவுக்கு 22.6. இங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இரண்டு, மூன்று சக்கர வண்டிக்காரர்கள். காரணம் ஒன்றும் மர்மமில்லை. நம்மூரில் நெரிசலும் குழியும் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. இங்கே சாலை வழவழவென்று இருக்கும், பிக்கப் டிரக்குகள் பறக்கும், ஸ்கூட்டர்காரர் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எதிரில் ஒரு கார் யூ-டர்ன் அடிக்கும்.

சியாங் மாயிலிருந்து பாய் என்கிற மலை ஊருக்குப் போகும் சாலையில் 762 வளைவுகள் என்று சொல்வார்கள், அந்த எண்ணைப் போட்டு டி-ஷர்ட்டே விற்கிறார்கள். அந்த ஊர் கஃபேக்களில் முழங்காலிலும் முழங்கையிலும் பேண்டேஜ் சுற்றிய வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்களில் பலர் ஸ்கூட்டர் பழகியதே அந்த வாரத்தில்தான். உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதால் ஆபத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்படியும் ஓட்டியே தீருவேன் என்றால் இதைச் செய்யுங்கள். கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கார் பிரிவு மட்டும் இருந்தால் இங்கே ஸ்கூட்டருக்கு அது செல்லாது. போலீஸ் அபராதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், அல்லது குடித்துவிட்டு ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். தனியார் மருத்துவமனையில் ஒரு கால் எலும்பு அறுவைச் சிகிச்சை என்றால் பில் லட்சங்களில் வரும். காப்பீடு எடுக்கும்போதே இருசக்கர வண்டி ஓட்டுவது அதில் அடங்குமா என்று பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள், ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

வண்டிக் கடையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் முதலில் கேட்பது பாஸ்போர்ட். "டெபாசிட், எல்லாரும் இப்படித்தான்" என்று இழுப்பறையைத் திறந்து காட்டுவார், உள்ளே பத்துப் பதினைந்து நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். கொடுக்காதீர்கள். ஜெராக்ஸும் இரண்டாயிரம், மூவாயிரம் பாட் ரொக்கமும் வாங்கிக்கொள்கிற கடை அதே தெருவில் இருக்கும், நாலு எட்டு நடந்தால் போதும். பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு வந்தால், திருப்பிக் கொடுக்கும்போது ஏற்கெனவே இருந்த ஒரு கீறலைக் காட்டி "இதற்கு எட்டாயிரம் பாட்" என்பார்கள், நாளைக்கு விமானம் பிடிக்க வேண்டிய நீங்கள் என்ன செய்வீர்கள்? வண்டியை எடுக்கும் முன் கடைக்காரரும் படத்தில் விழுகிற மாதிரி சுற்றி வந்து வீடியோ எடுங்கள். கடற்கரை ஊர்களில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடுகிறவர்களில் ஒரு கூட்டத்துக்கு இதே வித்தைதான் பிழைப்பு. பட்டாயாவிலும் புக்கெட்டிலும் இது பேர் போனது. ஜெட் ஸ்கீ அடிப்பாகத்தில் என்ன கீறல் இருந்தது என்று உங்களால் நிரூபிக்கவே முடியாது. அதனால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வண்டி இல்லாமலும் சியாங் மாயைப் பார்த்துவிடலாம். சோங்தேவ் என்று சிவப்பு நிற ஷேர் வண்டி ஓடுகிறது, பின்பக்கம் ஏறி உட்கார வேண்டியதுதான். வாடகை வண்டி கூப்பிடுகிற கிராப், போல்ட் இரண்டு செயலியும் வேலை செய்கின்றன. இன்னொன்று: ஏப்ரல் நடுவில் வரும் சோங்க்ரான் புத்தாண்டையும் டிசம்பர் கடைசியையும் ஒட்டி ஏழு ஏழு நாட்களை "ஏழு அபாய நாட்கள்" என்று பெயர் வைத்தே அரசாங்கம் தினமும் விபத்துக் கணக்கு வெளியிடும். அந்த நாட்களில் தொலைதூரச் சாலைப் பயணமே வேண்டாம். ரயிலில் போங்கள்.

அடுத்தது கடல். கிராபி எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கிராபியும் புக்கெட்டும் இருக்கிற மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஓட்டல் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். நம் மெரினாவில் வருடா வருடம் பிள்ளைகளை இழுத்துப் போகிற அதே நீரோட்டம்தான் இங்கேயும்: அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் ஒரு குறுகலான வழியில் வேகமாகத் திரும்பிப் போகும். அந்த இடத்தில் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிவதால்தான் பலர் அங்கேயே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு, இழுவை குறைந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நீச்சல் தெரியாது என்றால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம், ஸ்நார்க்கெலிங் கூட்டிப்போகிறவர் எவ்வளவு சிரித்தாலும் சரி.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலையில் புக்கெட் அருகே புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய படகு அது. வானம் கறுத்திருந்து, படகுக்காரர் "ஒன்றும் ஆகாது" என்றால், கொடுத்த ஆயிரத்து ஐந்நூறு பாட்டை மறந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். கிராபியை விட்டுச் சமூய், பங்கான் தீவுகள் பக்கம் திட்டத்தை மாற்றினால் அங்கே பெட்டி ஜெல்லி மீன் உண்டு, அது கொட்டி இறந்தவர்களும் உண்டு. கரையோரம் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பார்கள், அது எதற்கென்று தெரிந்திருக்க வேண்டும்: பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகரை நிறைய ஊற்றிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இனி மூன்றாவது வகை. உங்களை மாதிரிப் படித்த பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் ஏமாற்றுகிறவர் அடாவடி செய்ய மாட்டார், அன்பாகப் பேசுவார்.

பாங்காக் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட் டிக்கெட், காலை 8.30-லிருந்து மாலை 3.30 வரை கொடுப்பார்கள். நீங்கள் வாசலுக்கு ஒரு இருநூறு அடி தூரத்தில் வந்துகொண்டிருப்பீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அடையாள அட்டை, சிரித்த முகம். "இந்தியாவா? சென்னையா?" என்று ஆரம்பிப்பார். "இன்றைக்குக் காலையில் பிக்குகள் வழிபாடு, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை வெயிலில் நிற்பானேன்?" உங்கள் கையிலிருக்கிற வரைபடத்தில் மூன்று கோயிலை வட்டம் போடுவார். இன்று அரசாங்கச் சலுகை நாள், துக்-துக்குக்கு வெறும் 20 பாட் என்பார். கையசைத்ததும் ஒரு துக்-துக் வந்து நிற்கும். முதல் கோயில் நிஜக் கோயில்தான், ஒன்றும் நடக்காது. இரண்டாவது கோயிலில் தற்செயலாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். தான் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகவும், போன வருடம் இங்கே நீலக்கல் வாங்கி ஊரில் இரண்டு மடங்குக்கு விற்றதாகவும், வரிச்சலுகை இன்றோடு முடிவதாகவும் பேச்சுவாக்கில் சொல்வார். துக்-துக் அடுத்து நிற்கிற இடம் நகைக்கடை. கல் போலியாகக்கூட இருக்காது. விலைதான் பல மடங்கு. ரசீது, கார்டு மெஷின், பில்லில் உங்கள் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருப்பதால் பிறகு போலீஸுக்குப் போனாலும் பணம் திரும்புவது குதிரைக்கொம்பு.

பல பத்தாண்டுகளாக ஓடுகிற நாடகம் இது. வசனம் மட்டும் காலத்துக்குத் தகுந்தாற்போல் மாறும். இதற்கு நான் எல்லாருக்கும் சொல்கிற வழி ஒன்றே ஒன்று: தானாக வந்து பேசுகிறவர் சொல்வதை வைத்துத் திட்டத்தை மாற்றாதீர்கள், சந்தேகம் வந்தால் நீங்களாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். பழக்கடை அம்மா, செவன் இலெவன் கவுன்டர் பையன், சீருடைக் காவலாளி, யாராக இருந்தாலும் சரி. தாய்லாந்துக்காரர்கள் பொதுவாகக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். தெருவில் முன்பின் தெரியாத வெளிநாட்டவரிடம் வலிய வந்து நல்ல ஆங்கிலத்தில் பேசுவது அவர்கள் வழக்கமில்லை. ஆனால் நாமாகப் போய்க் கேட்டால் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கூடவே நடந்து வந்து இடத்தைக் காட்டுவார்கள்.

இந்தியர்களைக் குறிவைத்து இன்னொன்று நடக்கிறது. கணவன் மனைவி மாதிரி இருவர், சில சமயம் குழந்தையோடு, வந்து வழி கேட்பார்கள். பேச்சோடு பேச்சாக, "உங்க நாட்டு ரூபாய் நோட்டு எப்படி இருக்கும், பார்க்கலாமா?" என்பார்கள். பர்ஸைத் திறந்தால் விரல் வித்தையில் நாலைந்து நோட்டு போய்விடும், அறைக்கு வந்து எண்ணும்போதுதான் தெரியும். பர்ஸைத் தெருவில் திறக்காதீர்கள். பாங்காக்கில் பட்பொங் என்ற பகுதியின் மாடி பார்களில் "நுழைவு இலவசம்" என்று கூப்பிட்டு, இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் நீட்டுவதும் உண்டு. நீங்கள் அங்கே போகப்போவதில்லை, உங்கள் அண்ணன் போனால் சொல்லி வையுங்கள்.

சரி, இரவில் பெண்ணாகத் தனியாக நடமாடுவது. பாங்காக்கில் நான் பத்து மணிக்கு மேல் தனியாக வீடு திரும்புவது சகஜம். மேம்பால ரயிலும் மெட்ரோவும் கிட்டத்தட்ட நள்ளிரவு வரை ஓடும். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் இருக்கும், இருபத்துநாலு மணிநேரக் கடைகள் வெளிச்சமாக இருக்கும். அதனால் அறை எடுக்கும்போது நட்சத்திர எண்ணிக்கையைவிட ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். நிலையத்திலிருந்து பிரதான சாலையை ஒட்டியே ஐந்து நிமிடத்தில் போகிற சாதாரண அறை, அரைக் கிலோமீட்டர் இருட்டுச் சந்துக்குள் இருக்கிற அழகான அறையைவிட மேல். விடுதியில் பெண்கள் மட்டும் தங்கும் டார்மிட்டரி கிடைக்கும். வரவேற்பு மேஜையில் உங்கள் அறை எண்ணை உரக்கச் சொன்னால், வேறு அறை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

கிராப் வண்டியில் ஏறும் முன் நம்பர் பிளேட்டைச் சரிபார்க்கச் சொல்வார்கள். இங்கே பிளேட்டில் தாய்லாந்து மொழி எழுத்தும் இருக்கும், படிக்க வராது. கடைசி நாலு இலக்கம், வண்டியின் நிறம், ஓட்டுநர் முகம் மூன்றும் பொருந்தினால் ஏறுங்கள். பயணத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்தில் உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் கீழ்த்தளத்தில் டோக்கன் இயந்திரம் இருக்கிறது, அது தரும் சீட்டில் ஓட்டுநர் விவரம் இருக்கும், அதை இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், அதோடு விமான நிலையக் கட்டணம் 50, சுங்கச்சாவடிப் பணமும் உங்களுடையது. இவை ஏமாற்று இல்லை, விதி. பகலில் இறங்கினால் ரயிலிலேயே நகரத்துக்குள் வந்துவிடலாம், 45 பாட்டுக்குள் முடிந்துவிடும்.

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு இரவு ரயில் என் சிபாரிசு. 2014-இல் ஓடும் ரயிலில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு ரயில்களில் மதுவைத் தடை செய்தார்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி கொண்டுவந்தார்கள். எல்லா ரயிலிலும் இருக்காது, பதிவு செய்யும்போது கேட்டு வாங்குங்கள். பாங்காக்கின் காவ் சான் சாலையிலிருந்து தெற்கே போகும் மலிவான சுற்றுலாப் பேருந்துகளில், டிக்கிக்குள் போட்ட பையை இரவோடு இரவாகத் துழாவுகிறார்கள் என்ற புகார் ரொம்ப காலமாக உண்டு. அதில் போனால் மதிப்புள்ள எதுவும் மடியில் இருக்கட்டும்.

குடி உங்கள் விருப்பம். ஆனால் வாளியில் கலந்து தரும் மலிவான சாராயம் வேண்டாம். 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோஸில் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டவர் இறந்தார்கள், பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள். மூடி திறக்காத பீர் பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்வது நல்லது. ஒன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: பட்டாயாவிலும் பாங்காக்கில் 'நானா' என்ற பகுதியிலும் நள்ளிரவில் உங்களைச் சங்கடப்படுத்துகிறவர் உள்ளூர்க்காரராக இருப்பதைவிட, நம் பக்கத்திலிருந்து கும்பலாக வந்து நிதானம் தப்பியவராக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்ச் சத்தம் கேட்டால் உடனே ஆறுதல் அடைய வேண்டாம்.

நாய், குரங்கு. கோயில் வளாகங்களில் தெருநாய்கள் உண்டு, கிராபியில் குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும். கடித்தாலும் பிறாண்டினாலும் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் சவோவபா நிலையம் இதற்கென்றே இருக்கிறது, உலகம் முழுக்க ரேபிஸ் தடுப்பூசி முறைகளில் ஒன்றுக்கு இந்தச் சங்கத்தின் பெயரே இருக்கிறது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

சட்டத்தில் நாம் எதிர்பார்க்காத சில இடங்கள் உண்டு. இ-சிகரெட்டுக்கு 2014 முதல் தடை, பையில் வைத்திருந்தாலே சிக்கல். கஞ்சாவை 2022-இல் தளர்த்தினார்கள், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். கடைப் பலகைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட இணையத்தில் எழுதாதீர்கள், மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை இருந்தால் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். அனுமதித்த நாட்களுக்கு மேல் தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம். காவலர் எதற்காவது அபராதம் கேட்டால் சத்தம் போடாமல், சிரித்த முகத்தோடு, "ஸ்டேஷனில் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இந்த நாட்டில் குரலை உயர்த்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

வரைபடத்தில் ஒதுக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். தெற்குக் கோடியில் பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் 2004 முதல் ஆயுதக் கிளர்ச்சி ஓயவில்லை. கம்போடிய எல்லையில் 2025-இல் இரண்டு ராணுவமும் மோதிக்கொண்டன, அந்த எல்லை மாவட்டங்கள் வேண்டாம். உங்கள் பாதையில் இவை எதுவுமே இல்லை, அம்மாவுக்கு வரைபடத்தைக் காட்டுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சியாங் மாயில் வயல், காடு எரிக்கிற புகை மண்டிக் கிடக்கும். ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

பணம், காகிதம். தாய்லாந்தில் வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், 2025 மே முதல் தேதியிலிருந்து இது கட்டாயம். முழுக்க இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் போலி. விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் தாய்லாந்து தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். கார்டு இரண்டு, வெவ்வேறு பைகளில். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிட்டு வாருங்கள், அது தானாக இயங்காது. இந்தியச் சிம்மை வீட்டில் வைத்துவிட்டு வந்து ஓடிபி இல்லாமல் தவிக்கிறவர்கள் நிறைய. எஸ்எம்எஸ் வரும் அளவுக்காவது ரோமிங் போட்டு அதைப் போனிலேயே வைத்திருங்கள். ஏடிஎம் ஒவ்வொரு தடவைக்கும் இருநூறு பாட்டுக்கு மேல் பிடிக்கும். போதாக்குறைக்கு, "ரூபாய்க்கு மாற்றிக் கணக்கிடவா?" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், அவர்கள் விலையில் மாற்றினால் நஷ்டம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அந்தத் தாளோடு பாங்காக் சுகும்விட் 23-ஆம் சந்திலிருக்கும் இந்தியத் தூதரகம். சியாங் மாயிலும் இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட், டிக்கெட், காப்பீடு மூன்றின் படமும் மின்னஞ்சலில் இருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். போனில் மூன்று எண்ணைப் போட்டு வையுங்கள்: சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, பொதுப் போலீஸ் 191. 1155-இல் ஆங்கிலம் பேசுவார்கள். வண்டிக் கடைக்காரரிடம் தகராறு என்றால் அந்த எண்ணை அழுத்துவதைப் பார்த்தாலே அவர் வேகம் பாதி இறங்கிவிடும்.

அம்மாவிடம் மணிக்கொரு தடவை பேசுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை போன் சார்ஜ் தீர்ந்தால் வீடே அல்லோலகல்லோலப்படும். ஒரே ஒரு நேரம் வையுங்கள், இங்கே இரவு 9.30 என்றால் கோவையில் 8 மணி. அன்றைக்குத் தங்கும் இடத்தின் பெயரும் எண்ணும் அவரிடம் இருக்கட்டும். அடுத்த நாள் மதியம் வரை செய்தி இல்லை என்றால் முதலில் ஓட்டலுக்கு, பிறகு தூதரகத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். செய்ய ஒரு வேலை இருந்தால் பயம் பாதி குறையும். இன்ஸ்டாகிராமில் இருக்கும் இடத்தை உடனுக்குடன் போட வேண்டாம், அடுத்த ஊருக்குப் போன பிறகு போடுங்கள்.

அம்மா அனுப்பும் கடத்தல் செய்திகள் பொய்யில்லை, ஆனால் அவை வேறு வழியாக வருகிறவர்களுக்கு நடந்தவை. டெலிகிராமில் "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் இலவசம்" என்று நம்பி வந்தவர்களை மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோய், மொய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டுக் கொண்டுவந்தன. சுற்றுலா வந்த இடத்தில் யாராவது நல்ல சம்பளத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள்.

கடைசியாக, திரும்பும் நாள். சுவர்ணபூமியில் சென்னை விமானத்துக்கான வரிசையில் யாராவது வந்து, "அக்கா, ஊருக்கா? எனக்கு மூணு கிலோ கூடிப்போச்சு, இந்தப் பையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கிறீங்களா? அங்க என் மச்சான் வந்து வாங்கிக்குவான்" என்று கேட்கலாம். சாக்லேட், உலர் பழம் என்பார், பிரித்தும் காட்டுவார். பாங்காக்கிலிருந்து கூலிக்குப் பொருள் கடத்தி வரும் 'குருவி'களிடம் சென்னை விமான நிலையத்தில் உயர் ரகக் கஞ்சாவும் ஆமை, பாம்புக் குட்டிகளும் பிடிபட்ட செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சுங்கத்துறைக்குப் பை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் குற்றவாளி, மச்சான் வரவே மாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும், பெரியவராக இருந்தாலும், உங்கள் ஊர்க்காரரே என்றாலும் "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்துவிடுங்கள். விடாமல் நச்சரித்தால் கவுன்டரில் இருப்பவரிடம் கையைக் காட்டிச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் பையையும் பூட்டுப் போட்டு, கவுன்டரில் கொடுக்கும்வரை கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருங்கள்.